தாய்க்குதிரைகளின் பங்கு

இங்கிலாந்தில் வாழும் தமிழர்களில் பெரும்பாலோர் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டம் என்று ஒதுக்கிவிடுகிறோம். பந்தயத்தில் பணம் கட்டும்படி நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. ஆனால் பிறப்பு, வம்சம், தகுதி ஆகியவற்றைப் பற்றி இந்த நாடு மனதுக்குள் என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் குதிரை லாயங்களைவிட நல்ல இடம் கிடையாது. நியூமார்க்கெட் பக்கத்தில் பான்ஸ்டெட் மேனர் என்ற பண்ணையில் ஃப்ராங்கெல் நிற்கிறது. 2010 முதல் 2012 வரை 14 பந்தயங்கள் ஓடி, பதினான்கிலும் வென்ற குதிரை. 2012 அக்டோபர் 20 அன்று ஆஸ்கட்டில் கடைசியாக ஓடி ஓய்வு பெற்றது. அடுத்த ஆண்டே பொலிகுதிரை ஆனது. முதல் குட்டி குன்கோ 2014 ஜனவரியில் பிறந்து, 2016 மே மாதம் நியூபரியில் முதல் ஓட்டத்திலேயே வென்றது. அதே ஆண்டு ஃபேர் ஈவா, குவீன் கைண்ட்லி என்ற இரண்டு மகள்கள் குரூப் எனப்படும் உயர்தரப் பந்தயங்களில் வென்றன. டிசம்பரில் ஜப்பானில் சோல் ஸ்டிரிங் என்ற மகள் அவற்றில் மிக உயர்ந்த தரமான குரூப் 1 பந்தயத்தையே வென்றது. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று நம் ஊரில் சொல்வதைத்தான் இங்கே எல்லோரும் தங்கள் பாணியில் சொன்னார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஒரு பொலிகுதிரையின் தொடக்க கால வெற்றியை அதன் ரத்தத்துக்குச் சான்றாகக் காட்டுமுன், அதற்கு என்னென்ன வாய்ப்புகள் கிடைத்தன என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

அந்தக் கணக்கு பொலிக் கட்டணத்தில் தொடங்குகிறது. முதல் ஆண்டில் ஒரு பெண்குதிரையை ஃப்ராங்கெலிடம் சேர்க்கக் கட்டணம் 1,25,000 பவுண்டு. அவ்வளவு கொடுப்பவர் லாயத்தில் உள்ள சாதாரணக் குதிரையையா அனுப்புவார்? இந்தப் பந்தயக் குதிரை இனத்தில் செயற்கைக் கருவூட்டலுக்கு அனுமதி இல்லை. ஆணும் பெண்ணும் நேரில் சேர்ந்தால்தான் பிறக்கும் குட்டியை இனப் பதிவேட்டில் பதிவார்கள். அதனால் பிப்ரவரி நடுவிலிருந்து கோடைத் தொடக்கம் வரையிலான சில மாதங்களில் ஒரு பொலிகுதிரையிடம் சேர்க்கக்கூடிய பெண்குதிரைகளுக்கு எல்லை உண்டு. பண்ணைக்காரர்கள் அந்த இடங்களைப் பொறுக்கி எடுத்துத்தான் கொடுப்பார்கள். ஃப்ராங்கெலுக்குச் சினை பிடிக்க வைக்கும் திறன் இருக்கிறதா என்று முதலில் பந்தய இனம் அல்லாத பெண்குதிரைகளை வைத்துச் சோதித்தார்கள். அந்தப் பெண்குதிரைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சோதனை முடிந்தபின் வந்தவை மகாராணிகள். 2011-ல் பாரிஸில் ஆர்க் பந்தயத்தை வென்ற டேன்ட்ரீம் அவற்றில் ஒன்று. சோல் ஸ்டிரிங்கின் தாய் ஸ்டாசெலிட்டா பிரெஞ்சு ஓக்ஸ் வென்றது. ஃபேர் ஈவாவின் தாய் ஆஃப்ரிகன் ரோஸ் ஹேடாக் ஸ்பிரின்ட் கோப்பையை வென்றது. குவீன் கைண்ட்லி வென்ற லோதர் பந்தயத்தை அதன் தாய் லேடி ஆஃப் தி டெசர்ட்டும் முன்பே வென்றிருந்தது. இந்தத் தாய்களின் குட்டிகள், வேறொரு நல்ல ஆண்குதிரைக்குப் பிறந்திருந்தாலும், நாட்டின் சிறந்த பயிற்சியாளர்களிடம்தான் போயிருக்கும். இவை ஓடியதில் தந்தையின் பங்கு எவ்வளவு, தாயின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று முதல் இரண்டு ஆண்டுகளின் பட்டியலை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கைதட்டல் முழுவதும் தந்தைக்கே போனது.

2021-ல் இங்கிலாந்து டெர்பியை ஃப்ராங்கெலின் மகன் ஒன்று முதன்முறையாக வென்றது. அதன் பெயர் அடையார். தாயின் பெயர் அன்னா சாலை. சென்னைக்காரர் எவரும் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்வார். உலகம் முழுவதும் பார்த்த பந்தயத்தில் நம் ஊர்ப் பெயர்கள் இரண்டு! ஆனால் மறுநாள் பேச்செல்லாம் ஃப்ராங்கெலுக்கு டெர்பி கிடைத்துவிட்டது என்பதுதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. சிறந்த பெண்குதிரைகள் கிடைத்தும் சாதிக்காத ஆண்குதிரைகள் எத்தனையோ இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 18 பந்தயங்களில் 17-ஐ வென்ற பிரிகேடியர் ஜெரார்டுக்கும் நல்ல வரவேற்பு இருந்தது. ஆனால் பொலிகுதிரையாக அது எதிர்பார்த்த உயரத்தைத் தொடவில்லை. ஃப்ராங்கெல் அப்படி அல்ல. அதன் தந்தை கலிலியோ 2010 முதல் 2020 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் பிரிட்டன், அயர்லாந்தின் முதன்மைப் பொலிகுதிரையாக இருந்தது. 2021-ல் அந்த இடத்தை மகன் எடுத்துக்கொண்டது. 2024-ல் கட்டணம் 3,50,000 பவுண்டு. ஆகவே ஃப்ராங்கெலின் சொந்தத் திறனை நான் மறுக்கவில்லை. ஆனால் பிரிகேடியர் ஜெரார்டின் கதை என் வாதத்துக்கே துணை நிற்கிறது. ஓடுவதில் ஒப்பற்ற குதிரையிடமிருந்தே அந்தத் திறன் குட்டிகளுக்கு உறுதியாக இறங்கவில்லை என்றால், வம்சம் என்பது உத்தரவாதம் அல்ல என்றுதானே பொருள்? வாய்ப்பு மட்டும் போதாது, ரத்தம் மட்டும் போதாது. இதில் முதலாவதை எளிதில் ஒப்புக்கொள்கிறோம். இரண்டாவதை ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை.

ஓட்டத்தில் தோற்ற குதிரையின் கதையையும் பார்க்க வேண்டும். 1990-ல் எப்சமில் நடந்த டெர்பியில் எல்லோரும் பணம் கட்டிய குதிரை ரஸீன். பின்னாளில் ஃப்ராங்கெலைப் பழக்கிய ஹென்றி செசில்தான் அதற்கும் பயிற்சியாளர். ரஸீன் வெகுவாகப் பின்தங்கியது. வென்றது குவெஸ்ட் ஃபார் ஃபேம். அதன் உரிமையாளர் இளவரசர் காலித் அப்துல்லா, பிற்காலத்தில் ஃப்ராங்கெலை வளர்த்தவரும் அவரே. ரஸீன் கப்பல் சரக்கைப் போல இந்தியாவுக்குப் போய், ஹரியானாவின் உஷா பண்ணையில் பொலிகுதிரையாக நின்றது. அங்கே அது பல ஆண்டுகள் நாட்டின் முதன்மைப் பொலிகுதிரை! கொடுத்தவர் இழந்த கதை ஒன்று நம்மிடம் உண்டு. திருத்தணித் தல வரலாற்றில், இந்திரன் தன் மகள் தெய்வானைக்குச் சீதனமாக ஐராவதத்தைக் கொடுத்தான், கொடுத்தபின் அவன் செல்வம் குறைந்தது என்பார்கள். அதனால்தான் அங்கே முருகனின் யானை, இந்திரன் இருக்கும் திசை பார்த்து நிற்கிறது. ரஸீனைக் கொடுத்த இங்கிலாந்தோ எதையும் இழந்ததாக நினைக்கவில்லை. இந்தியப் போட்டி எளிது, அதனால் எடுபட்டது என்று இதற்கும் ஒரு மறுப்பு வரும். இருக்கலாம். ஆனால் அந்தக் களத்தில் மற்ற இறக்குமதிக் குதிரைகளும் நின்றனவே! ரஸீனுக்கு ஒரு நல்ல பண்ணையின் முழு நம்பிக்கையும் அதன் சிறந்த பெண்குதிரைகளும் கிடைத்தன. எப்சமில் கிடைத்த ஒரு பிற்பகலை வைத்து அதை எடைபோட்டிருந்தால் அந்தத் திறன் வெளியே தெரிந்தே இருக்காது.

ரஸீனின் தந்தை கனடாவில் பிறந்த நார்தர்ன் டான்சர். ஒரு வயதில் 25,000 டாலருக்கு விற்பனைக்கு வைத்தபோது வாங்க ஆளில்லாத குள்ளக் குதிரை. ஃப்ராங்கெலின் தந்தை வழியிலும் தாய் வழியிலும் அதே நார்தர்ன் டான்சர் இருக்கிறது. வட அமெரிக்க ரத்தம் இங்கிலாந்துக்குள் வருவது முன்பு அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1913-ல் பதிவேட்டுக்காரர்கள் ஜெர்சி விதி என்று ஒன்றைப் போட்டு, மூதாதைகள் எல்லாவற்றையும் அந்தப் பதிவேட்டில் காட்ட முடியாத குதிரையைக் கலப்பு என்று ஒதுக்கினார்கள். கலப்பு என்று சொன்னவை வந்து பெரிய பந்தயங்களை வென்ற பிறகு, 1949-ல் விதியைத் தளர்த்தினார்கள். விதி மாறிய அன்று குதிரைகள் எதுவும் மாறவில்லை. திருத்தணிக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது ஊர் அந்தப் பக்கம் போனது. போராட்டங்களுக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று இந்தப் பக்கம் வந்தது. வீடுகளும் அவற்றில் பேசிய இரண்டு மொழிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அந்தப் பதிவேட்டின் தொடக்கமே வெளிநாட்டிலிருந்துதான். டார்லி அரேபியன் 1704-ல் அலெப்போவிலிருந்து வந்தது. இன்றைய ஆண் பந்தயக் குதிரைகளில் ஏறத்தாழ 95 சதவீதத்தின் நேர் ஆண்வழி அதனிடம் போய்ச் சேர்கிறது. தாய்வழியை ஆராய்ந்தவர்களோ, தொடக்கத் தாய்களில் பிரிட்டன், அயர்லாந்தின் நாட்டுக் குதிரைகளும் இருந்ததைக் கண்டார்கள். அந்தத் தாய்களில் பலவற்றுக்குச் சொந்தப் பெயர்கூடப் பதிவாகவில்லை. நம் நெல்லூர்ப் பக்கத்து ஓங்கோல் காளைகள் பிரேசிலுக்குப் போய் நெலோர் என்ற பெரும் மாட்டினமானபோதும் இதேதான் நடந்தது. காளைகளின் புகழ் நிலைத்தது. அவற்றோடு சேர்ந்த உள்ளூர்ப் பசுக்களைக் கேட்பார் இல்லை.

குதிரையை மனிதரோடு வைத்துப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பேசக் கூடாது என்பதே என் பதில். முந்நூறு ஆண்டுகளாக யார் யாரோடு சேரலாம் என்று மனிதன் ஏட்டில் எழுதிக் கட்டுப்படுத்திய ஓர் இனத்திலேயே பிறப்பு முழு விடை தரவில்லை. அப்படி இருக்க, மணமகள் தேவை விளம்பரத்தில் குலத்தைத் தேடுவதற்கும், புலம்பெயர்ந்த நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை நம் ரத்தத்தின் பெருமையாகச் சொல்வதற்கும் என்ன ஆதாரம்? இங்கே வந்த மருத்துவர்களையும் பொறியாளர்களையும் விசா விதிகள் பொறுக்கி எடுத்துத்தான் உள்ளே விட்டன. 1,25,000 பவுண்டுக் கட்டணம் பெண்குதிரைகளைப் பொறுக்கியது போல. படித்த பெற்றோரின் பிள்ளை படிப்பதில் ரத்தத்தைத் தேட வேண்டியதில்லை. அகதிகளாக வந்து, இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்த அம்மாக்களின் உழைப்பை 'தமிழ் ரத்தம்' என்ற சொல்லுக்குள் போட்டு மூடுவது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். பிள்ளை தேர்வில் தவறினால் அதே ரத்தப் பேச்சு அந்தப் பிள்ளையின் மேல் பழியாக விழுகிறது என்பதையும் பல வீடுகளில் யாரும் நினைப்பதில்லை.

ஃப்ராங்கெலின் முதல் ஈட்டில் பிறந்த கிராக்ஸ்மேன் 2019-ல் 25,000 பவுண்டுக் கட்டணத்தில் பொலிக்கு வந்தது, தந்தை தொடங்கிய கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு. அதற்கு வந்தவை மகாராணிகள் அல்ல. ஆனால் அதன் முதல் ஈட்டுக் குட்டிகளில் ஒன்றான ஏஸ் இம்பாக்ட் 2023-ல் பிரெஞ்சு டெர்பியையும் ஆர்க்கையும் தோல்வியே காணாமல் வென்றது. இதை ரத்தக் கட்சிக்காரர்கள் தங்கள் பக்கம் எண்ணலாம். ஒரு குட்டியை வைத்து நான் என் பக்கமும் எண்ண மாட்டேன். ஏஸ் இம்பாக்ட் இப்போது பொலிகுதிரை. அதன் முதல் குட்டிகள் 2027-ல் ஓடும். வெற்றிப் பட்டியல் வெளியாகும்போது, தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் தாயின் பெயரையும் அந்தத் தாய் முன்பு எங்கே ஓடியது என்பதையும் பார்த்துவிட்டுப் பேசுவோம்.