பயத்துக்கு எத்தனை புள்ளி?

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரின் முதல் பகுதியில் (2016) நாலு பையன்கள் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டு அலறுவார்களே, கவனித்திருப்பீர்கள். அந்த ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ். 1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கியது. முதலில் அச்சடித்தது ஆயிரம் பிரதிதான்.

பலகை கட்டாயமில்லை. தாள், பென்சில், இருபது முகப் பகடை, நாலைந்து நண்பர்கள் போதும். ஒருவர் நடுவர் மாதிரி. 'டன்ஜன் மாஸ்டர்' என்பார்கள். 'குகைக்குள் நுழைகிறீர்கள். இருட்டு. ஏதோ மூச்சு விடுகிற சத்தம்...' என்று அவர் கதை சொல்லிக்கொண்டே போவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, திருடன் என்று ஆளுக்கொரு வேஷம். 'வெட்டுகிறேன்' என்றால் பகடை உருட்டி, வெட்டு விழுந்ததா என்று பார்க்க வேண்டும். உங்களுக்கும் அரக்கனுக்கும் 'ஹிட் பாயின்ட்' என்று உயிருக்கு ஒரு கணக்கு உண்டு. அடிபட அடிபடக் குறையும்.

எனக்கு இதில் ஒரே கேள்வி. தாளில் எழுதிய எண்ணைப் பார்த்து ஒருத்தன் எப்படிப் பயப்படுவான்?

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில், வயதான சிவப்பு ட்ராகனுக்கு 546 புள்ளி. கேட்க மலைப்பாக இருக்கிறதல்லவா? ஆட்டக்காரர்கள் மலைப்பதில்லை. ஆளுக்கு முப்பது வெட்டினால் எத்தனை சுற்று என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். புள்ளி தெரிந்துவிட்ட அரக்கன் இ.எம்.ஐ. மாதிரி. தொகை பெரிசுதான், ஆனால் என்றைக்குத் தீரும் என்று தெரியும்.

பழைய ஆட்டக்காரர்கள் நடுங்கியது வேறு ஜந்துக்களைப் பார்த்து. ரஸ்ட் மான்ஸ்டர் என்று ஒன்று. ஹாங்காங்கில் தயாரான மலிவு பிளாஸ்டிக் பொம்மையைப் பார்த்து கைகாக்ஸ் உண்டாக்கியது. அதன் உணர்கொம்பு பட்டால் உங்கள் இரும்புக் கவசமும் வாளும் துருப்பிடித்து உதிரும். துருவைத் தின்றுவிட்டுப் போய்விடும். அவ்வளவுதான். ட்ராகனை எதிர்த்து நின்ற மாவீரர்கள் இதைக் கண்டால் பின்னங்கால் பிடரியில் பட ஓடுவார்கள்.

இன்னொன்று வைட் என்கிற நடைப்பிணம். பழைய விதிகளில் அதன் அடி விழுந்தால் உங்கள் 'லெவல்' ஒன்று போய்விடும். மாசக்கணக்கில் ஆடி ஏறிய படி அது. 2014 விதிகளில் அதே வைட் செய்த கெடுதல், பிழைத்துக் கிடந்து ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடுகிறது. இரண்டில் எது பயங்கரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புள்ளியே இல்லாத ஜந்துவும் பயமுறுத்தும். 1987-ல் 'ட்ராகன்' பத்திரிகையில் ரோஜர் மூர் ஒரு தலையங்கம் எழுதினார். கோபால்டு என்பது மூணடி உயரப் பிராணி. அன்றைய விதிப்படி அதிகபட்சம் நாலு புள்ளி. ஆனால் டக்கர் என்பவர் நடத்திய ஆட்டத்தில் அவை நேருக்கு நேர் வரவில்லை. சந்து பொந்துகளில் ஒளிந்துகொண்டு, கதவை அடைத்து, தீ வைத்து, மறைவிலிருந்து அம்பு விட்டன. பெரிய லெவல் வீரர்கள், கீழ்த்தளத்தில் இருந்த பிசாசுகளைவிட இந்தப் பொடிசுகளுக்கு அதிகம் பயந்தார்களாம். 'டக்கரின் கோபால்டுகள்' என்றால் இன்றும் ஆட்டக்காரர்களுக்குப் புரியும்.

சிகாகோ பக்கம் என் அக்கா மகன் வீட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி இந்த ஆட்டத்தைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். அவன்தான் நடுவர். ஆடியவர்களில் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, பன்னிரண்டு வயசு. எட்டு மாசமாக ஒரே வீராங்கனையாக ஆடுகிறாள். நோட்டு முழுக்க அவள் படம்தான். அன்றைக்கு வீராங்கனை பூஜ்யத்துக்கு வந்து விழுந்தாள். இப்போதைய விதிப்படி உடனே சாவு இல்லை. பகடையில் மூன்று தோல்வி சேர்ந்தால்தான். இரண்டு சேர்ந்திருந்தது. மேலே வைட் நிற்கிறது. அதன் அடி விழுந்தால் மூன்றாவது.

நடுவர்கள் முன்னால் ஒரு அட்டைத் தடுப்பு வைத்திருப்பார்கள். அதற்குப் பின்னால் என்ன விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கா மகன் தடுப்பை மடக்கிவிட்டு, பகடையை மேஜை நடுவில் உருட்டினான். பதினேழு. அந்தப் பெண் அழுதாள். பிறகு வீராங்கனையின் படத்துக்குக் கீழே தேதி எழுதினாள்.

"ஏண்டா, சின்னப் பொண்ணு. ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன்.

"சொல்லலாம் மாமா. ஆனா ஒரு நாள் கண்டுபிடிச்சிடுவா. அப்புறம் எந்த அரக்கன் வந்தாலும் இவன் காப்பாத்திடுவான்னு உட்கார்ந்திருப்பா. இதுவரைக்கும் ஜெயிச்சதும் சந்தேகமாயிடும்."

எனக்குப் பதில் தோன்றவில்லை. குழந்தைகளோடு ஆடும்போது பொய் சொல்வதில் தப்பில்லை என்கிற நடுவர்களும் உண்டு. ஆட்டம் சந்தோஷத்துக்குத்தானே என்பது அவர்கள் கட்சி. நியாயம்தான். ஆனால் அங்கே அரக்கனுக்குப் பல் இருக்காது. பல் இருப்பது 546 புள்ளியில் இல்லை, உருட்டுகிறவரின் நேர்மையில்.

இன்று ராத்திரி உங்கள் வீட்டு வாண்டுக்குக் கதை சொல்லும்போது முயன்று பாருங்கள். ராட்சசன் எவ்வளவு பெரியவன் என்று சொல்லாதீர்கள். எதை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறான் என்று மட்டும் சொல்லுங்கள். குழந்தை தூங்காவிட்டால் என்னைத் திட்டாதீர்கள்.