கரும்பச்சை

மாங்குளம் சந்தியில் கண்டி வீதியை விட்டு மேற்கே திரும்பினால் மல்லாவிக்குப் போகலாம். முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய்ப் பிரிவைச் சேர்ந்த ஊர் இது. மல்லாவி, யோகபுரம், பாலிநகர் என்று அடுத்தடுத்து வரும் குடியிருப்புகளுக்கு வவுனிக்குளமே தாய். பண்டைக் காலத்துக் குளமான அது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருத்தி அமைக்கப்பட்டது. அதன் நீரை நம்பியே இங்கு குடியேற்றங்கள் எழுந்தன.

மார்கழி மாதத்தில் இவ்வழியே செல்பவர் இரண்டு பச்சைகளைக் காண்பார். வயலிலே காலபோக நெல்லின் இளம்பச்சை. வயல் முடியும் இடத்திலே காட்டின் கரும்பச்சை. முதலாவது மழையோடு வந்து அறுவடையோடு போய்விடும். இரண்டாவது கோடையிலும் நிற்கும். பாலை, வீரை போன்ற மரங்களின் தடித்த இலைகள் நீரைச் சிக்கனமாகச் செலவிடுகின்றன. அதனால்தான் ஆண்டில் பல மாதம் வெயில் காயும் வன்னியிலும் காடு இருண்டு நிற்கிறது.

இந்த நிறத்துக்கு அரபு மொழியில் அழகான சொல் உண்டு. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் 64-ஆம் வசனம் ஒரே ஒரு சொல்லால் ஆனது. சுவர்க்கத்தின் இரு சோலைகளை வருணிக்கும் அந்தச் சொல், கருமையைக் குறிக்கும் ‘துஹ்மா’ என்ற வேரிலிருந்து பிறந்தது. கறுப்புக் குதிரையை அரபியர் ‘அத்ஹம்’ என்பதும் அதே வேரில்தான். பசுமை முற்றிச் செழித்துக் கருமையாகத் தோன்றும் நிலை என்று விரிவுரையாளர்கள் விளக்குவார்கள். இராக்கின் ஆற்றுச் சமவெளியையும் அன்றைய அரபியர் ‘ஸவாத்’, அதாவது கருமை, என்றே அழைத்தார்கள். வெண்மணலில் நடந்து வந்த கண்ணுக்குப் பேரீச்சந் தோப்பும் பயிரும் கறுப்பாகத் தெரிந்தன. தாகம் அறிந்தவனுக்குத்தான் அந்தக் கறுப்பின் அருமை தெரியும்!

தமிழும் இதை அறியாததல்ல. இராமனின் நிறத்துக்கு உவமை தேடும் கம்பர், மையையும் மரகதத்தையும் பக்கம் பக்கமாக வைக்கிறார். கறுப்பும் பச்சையும் அங்கே பகையல்ல.

தமிழில் பச்சைக்கு இன்னொரு முகமும் உண்டு. பிரிவால் வாடும் பெண்ணின் மேனியில் படரும் வெளிறிய நிறம் பசலை. பசுமை என்ற சொல்லின் உறவுதான் அதுவும். வள்ளுவர் அதற்கென்றே 119-ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். குறுந்தொகையின் 399-ஆம் பாடலில் பரணர் அதை ஊர்க் கேணியின் பாசியோடு ஒப்பிடுகிறார். கை பட்டால் பாசி விலகும், கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். அப்படித்தான் பசலையும்.

காட்டு நிலத்துக்கு நம் முன்னோர் இட்ட பெயர் முல்லை. அதற்கு உரிய ஒழுக்கம் இருத்தல். போனவர் வருவார் என்று ஆற்றியிருத்தல். செழிப்பின் நிலத்துக்குக் காத்திருப்பை ஏன் கொடுத்தார்கள் என்று வன்னி மண்ணில் நின்று யோசித்தால் மனம் கனக்கிறது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இதே மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி மக்களும் அவர்களில் அடங்குவர். 2008-இல் போர் நெருங்கியபோது மல்லாவித் தமிழ் மக்களும் வீடு வாசலை விட்டுக் கிழக்கே நடந்தார்கள். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆளற்ற வளவுகளைக் கேணிப் பாசிபோலக் காடு மூடிக்கொண்டது.

திரும்பி வந்தவர்களுக்கு அந்தப் பச்சையே வழக்கானது. மன்னார் மாவட்டத்தின் முசலிப் பகுதியில் 2012-இல் சில நிலங்கள் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டன. எங்கள் பழைய ஊர் இதற்குள் இருக்கிறது என்றனர் மீளக் குடியேற வந்தோர். இருக்கும் காட்டையாவது காப்போம் என்றனர் இயற்கை ஆர்வலர். காடு அழிந்தால் குளமும் வற்றும், வயலும் காயும் என்பது உண்மை. ஆனால் இருபது ஆண்டு மரத்தைக் காட்டி, அதற்கு முன் அங்கே வாழ்ந்த தலைமுறைகளை இல்லையென்று ஆக்கலாமா?

ஒரு வசனத்துக்குப் பொருள் சொல்லும்முன், அது அருளப்பட்ட சூழலையும் பார்க்கும்படி மாணவர்களுக்குச் சொல்கிறோம். கரும்பச்சையையும் அப்படியே வாசிக்க வேண்டும். காட்டின் நடுவே கட்டுக்கிணறு இருக்கிறதா? வரிசையாக நட்ட தென்னை, ஒற்றைப் புளியமரம், மையவாடியின் மீஸான் கற்கள் இருக்கின்றனவா? இருந்தால் அது காடு மட்டுமல்ல, ஒருவர் காத்திருக்கும் வீடும்கூட. காத்திருப்பவர் முஸ்லிமா தமிழரா என்று பாராமல் சாட்சி சொல்வது அதைக் கண்டவரின் கடமை.