முள்ளுக்குப் பொருத்தம் பார்த்தல்

பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடும் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "பையன் எப்படி?" என்பதாகும். அதனினும் அடிப்படையான கேள்வி, "நம் பெண்ணுக்கு அவன் பொருத்தமா?" என்பதே. ஃபிக்ஹு நூல்களில் நிக்காஹ் பாடத்தினுள் 'கஃபாஅத்' எனத் தனிப் பகுதியே உண்டு. இருவர் ஒருவருக்கொருவர் ஈடாக அமைதல் என்று அச்சொல்லுக்குப் பொருள் கூறலாம். ஆண்டுதோறும் மாணவர்க்கு இதனை ஓதிக் கொடுத்துவரும் நமக்கு, இசைத்தட்டு முள் வாங்கும் வேளையிலும் இப்பாடம் கைகொடுக்கும் என்று தோன்றியதில்லை.

முள் என்று எளிமையாகச் சொல்கிறோம். கடைக்காரர் கார்ட்ரிட்ஜ் என்பார். தட்டின் பள்ளத்தில் ஓடும் வைரமுனை, அதனைத் தாங்கும் மெல்லிய தண்டு, தண்டின் அசைவை மின்னலையாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும் அடங்கிய சிறு கூடு அது. கட்டைவிரல் நுனியளவே இருக்கும்.

நம் அத்தா விட்டுச் சென்ற தட்டுப் பெட்டியில் மூவகைச் செல்வம் இருந்தது. நாகூர் ஹனீபா அவர்களின் பாடல்கள் ஒருபுறம். காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) அவர்களின் நாதசுரம் இன்னொருபுறம். அவர் கோவில்பட்டியைத் தம் ஊராக்கிக் கொண்டவராதலின், இவ்வூரில் எல்லாச் சமயத்தாரும் அவரை நம்மவர் என்றே சொல்வர். மூன்றாவது, எகிப்தின் ஷெய்கு மஹ்மூது கலீல் அல் ஹுஸரீ (1917–1980) அவர்களின் கிராஅத். முழுக் குர்ஆனும் அவர் குரலில் 1961இல் இசைத்தட்டுகளாக வெளிவந்தது வரலாற்றுச் செய்தி. (இசை ஆகுமா, ஆகாதா என்னும் வாதத்தில் இங்கு நாம் இறங்கவில்லை. அதற்கு வேறு கட்டுரை வேண்டும், வேறு தைரியமும் வேண்டும்.)

இவையெல்லாம் கைபேசியிலேயே கிடைக்குமே என்பர் இளைஞர். பெரும்பாலானவை கிடைக்கின்றன. ஆனால் அரக்கில் வார்த்த பழைய 78 சுழற்சித் தட்டுகள் சில, நாம் தேடிய இடத்திலெல்லாம் அகப்படவில்லை. பொருந்தாத முள் ஒவ்வொரு முறை ஓடும்போதும் பள்ளத்தைச் சுரண்டிச் செல்லும். சுரண்டப்பட்ட குரல் திரும்பாது. நாம் இத்துணைக் கவலை கொண்டதற்குக் காரணம் அதுவே.

அக்கால வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருந்தவை செராமிக் வகை முட்கள். ஐந்தாறு கிராம் பாரத்தோடு தட்டின்மேல் அமர்பவை. ஒருபுறம் 78 தட்டுக்கும், திருப்பினால் மறுபுறம் நெடுந்தட்டுக்கும் ஆகும். திருப்ப மறந்து போட்ட வீடுகள்தாம் மிகுதி. இன்று அவற்றிற்கு நல்ல மாற்று முள் கிடைப்பது அரிது. புகழ்பெற்ற ஷூர் நிறுவனமும் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது.

நாம் வாங்கியிருந்த ஜப்பானியச் சுழல்மேடைக்கு, துபாயிலிருந்து விடுப்பில் வந்த மச்சான் ஒரு கார்ட்ரிட்ஜ் கொணர்ந்தார். சுருள் அசையும் வகை, விலை மிகுந்தது. அங்கே ஒரு கடைக்காரர், இதைவிட உயர்ந்தது இல்லை என்று சொல்லி விற்றாராம். எந்த மேடை, எந்தப் பெருக்கி என்று ஒரு சொல் கேட்கவில்லை. பொருத்திப் போட்டால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ முனகுவது போலிருந்தது.

"விலை கூடின சாமான் மச்சான், சத்தம் மட்டும் ஏன் இப்படிக் குறையுது?" என்றார் அவர்.

விடை எளிது. காந்தம் அசையும் வகை ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் தரும். நம் பெருக்கி அதனை எதிர்பார்த்து, 47 கிலோ ஓம் தடையோடு வாயில் திறந்து வைத்திருக்கிறது. மச்சானின் சரக்கு தருவதோ 0.3 மில்லிவோல்ட். இடையில் தனி மின்மாற்றி ஒன்று வேண்டும். நல்ல குடும்பத்துப் பிள்ளைதான், நம் வீட்டுக்கு உரியவனல்லன். அத்தகைய மின்மாற்றி வைத்திருந்த மதுரை நண்பர் ஒருவர் வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்தது. அங்கே அருமையாகப் பாடுகிறது.

அடுத்த பொருத்தம் முள்ளுக்கும் கைக்கும். முள்ளின் தண்டு ஒரு வில். அதனைச் சுமக்கும் கை ஒரு பாரம். வில்லில் பாரம் தொங்கினால், தூளியைப் போல, தனக்கென ஓர் ஆட்டம் கொள்ளும். அந்த ஆட்டம் நொடிக்கு 8 முதல் 12 வரை இருப்பது நலம். அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டின் ஏற்ற இறக்கத்தோடு கூடிக் கை துள்ளும். மேலே போனால் காதுக்கு எட்டும் ஒலியில் கைவைக்கும். கையின் செயல்நிறை 13 கிராம், கார்ட்ரிட்ஜ் 6, திருகாணி 1, ஆக 20. இதனை முள்ளின் நெகிழ்வு எண் 12ஆல் பெருக்க 240. அதன் வர்க்கமூலம் சுமார் 15.5. அதனால் 159ஐ வகுத்தால் 10.3 வரும். பொருத்தம் சரி. இதில் ஒரு கண்ணி உண்டு. ஜப்பானியர் சிலர் அந்த நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து 7 என்று அச்சிடுவர். நம் கணக்குக்கு அதனை ஏறத்தாழ 1.7 மடங்காக்கிக் கொள்ள வேண்டும். தாளில் உள்ளதை அப்படியே நம்பினால் நல்ல வரனைத் தள்ளிவிட நேரும்.

இறுதியில் நாம் தேர்ந்தது ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசை. நடுத்தர விலை, காந்தம் அசையும் வகை. கூட்டைக் கழற்றாமலே முள்ளை மட்டும் மாற்றலாம் என்பதே நம்மை ஈர்த்தது. நெடுந்தட்டின் பள்ளம் மிக நுண்ணியது. 78 தட்டின் பள்ளமோ அகன்றது, அதற்கு 3 மில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆரமுள்ள முனை வேண்டும். நுண்முனையை அதில் விட்டால் சுவரைத் தொடாது அடியிலுள்ள குப்பையில் உருளும். 78 முள்ளுக்குப் பாரமும் 5 கிராம், மற்றதற்கு 2 கிராம்.

பாரம் குறைந்தால் தட்டுக்கு நல்லது என்று பலர் எண்ணுகின்றனர். 1.8 கிராம் வைத்துக் காருகுறிச்சியாரைக் கேட்டோம். மேல்ஸ்தாயியில் அந்த நாதசுரம் எழும்போது முள் பள்ளத்தை விட்டு நழுவி லேசாகக் கரகரத்தது. அந்த நழுவல்தான் சுவரைச் சிதைப்பது. 2.0 வைத்ததும் அடங்கிற்று.

ஆயினும் நமது இறுதிச் சோதனை ஹுஸரீ அவர்களின் தட்டே. ஸாத், ஸீன், ஸாய் மூன்றுக்கும் 'ஸஃபீர்', அதாவது சீழ்க்கைப் பண்பு உண்டெனத் தஜ்வீது நூலார் வகுத்துள்ளனர். முள் முதலில் தோற்பதும் அந்தச் சீழ்க்கையில்தான். அதிலும் தட்டின் வெளிவிளிம்பில் நொடிக்கு 51 செ.மீ. ஓடும் பள்ளம், உள்விளிம்பை நெருங்கும்போது 21 செ.மீ. ஆகிவிடுகிறது. குறைந்த நீளத்தில் அதே ஒலி நெருக்கமாய் அடைபட்டுக் கிடக்கும். எனவே பக்கத்தின் கடைசி நிமிடங்களைப் போட்டு மாணவர் இருவரை அமர்த்தினோம். ஸாதையும் ஸீனையும் பிரித்துச் சொல்லச் சொன்னோம். பழைய பெட்டியில் தடுமாறியவர்கள் இதில் தடுமாறவில்லை. மக்ரஜைக் காதால் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதனினும் பெரிய அளவுகோல் வேறில்லை.

இனி நம் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிசல் மழையில் பூரிக்கும், கோடையில் வெடிக்கும். வீட்டுத் தரையும் அதனோடு சற்றே சாயும். சித்திரையில் மட்டமாக இருந்த மேடை கார்த்திகையில் மட்டமாக இராது. மேடை சாய்ந்தால் கையும் ஒருபுறம் இழுக்கும். ஆகவே சுவரில் பலகை அடித்து அதன்மேல் வைத்துள்ளோம், பருவத்துக்கு ஒருமுறை ரசமட்டம் வைத்துப் பார்க்கிறோம். ஆடிக் காற்றில் வரும் புழுதியோ கதவிடுக்கில் நுழைந்து, வறண்ட காற்றில் மின்னேறிய தட்டை அட்டையாய்ப் பற்றும். மென்தூரிகையால் துடைத்தபின்னரே முள்ளை இறக்குவது நம் வீட்டு வழக்கம்.

முள்ளின் ஆயுளையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீள்வட்ட முனைக்கு 300 மணி, கூம்பு முனைக்கு 500 மணி என்கின்றனர் செய்தவர்கள். தட்டுப் பெட்டியோடு ஒரு நோட்டு வைத்து, போட்ட பக்கங்களைப் பேரன் குறித்து வருகிறான். சென்ற வெள்ளி வரை 112 மணி ஆகியிருக்கிறது.