மினிமம் டியூ

கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உட்காருங்க.

ஜனவரி முதல் வாரம் எங்க கிளினிக்கில் எல்லாருமே நல்ல பிள்ளைகள். "சர்க்கரையை விட்டுட்டேன் டாக்டர்", "தினமும் அஞ்சு மணிக்கு வாக்கிங் டாக்டர்" என்று வாசலில் நுழையும்போதே சொல்லிவிடுவார்கள். அனுபவத்தில் சொல்றேன், பொங்கல் வரைக்கும் தாங்கும். அதுக்கப்புறம் கரும்பு, சர்க்கரைப் பொங்கல், பழைய கதை. இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. போன வருஷம் நானும் அதே வரிசையில்தான் நின்றேன்.

2025 ஜனவரி 1 அன்று நான் எடுத்த தீர்மானம், மாசம் 30 ஆயிரம் சேமிக்கணும். செலவுக் கணக்கு எழுத ஒரு ஆப் டவுன்லோடு பண்ணினேன். முதல் நாள் டீ 15 ரூபாய் வரைக்கும் எழுதினேன். அந்த ஆப்பில் கடைசியாக நான் எழுதிய தேதி ஜனவரி 11. போகிக்கு முன்னாடியே தீர்மானத்தைக் கொளுத்தியாச்சு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன். எந்த ஷேர் வாங்கலாம், எந்த ஃபண்டு நல்லதுன்னு இன்பாக்ஸில் கேட்காதீங்க, எனக்குத் தெரியாது. என் பணத்துக்கு வந்த வியாதியைப் பற்றி மட்டும் சொல்றேன். அதைக் கண்டுபிடிக்க வெச்சவர் என் நோயாளி ஒருவர். (அவர் யாரென்று தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வயசு ஐம்பதுக்கு மேல. சுகர், பிரஷர் ரெண்டும் உண்டு. பிப்ரவரி கடைசி வாரம் வந்தார். ஃபாஸ்டிங் சுகர் 280-ஐத் தாண்டி இருந்தது. எச்பிஏ1சி 10-க்கு மேல். அன்று கூட்டம் அதிகம், எனக்குப் பொறுமை குறைவு. "ஏங்க, கண்ணு போயிடும், கிட்னி போயிடும், மாத்திரைதானே போடச் சொன்னேன், அதுகூட முடியாதா?" என்று கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "இருபது தேதிக்கு மேல காசு இருக்காது சார். அதனால ரெண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையா போட்டு ஓட்டிக்குவேன். சம்பளம் வந்ததும் சரியா போட்ருவேன்" என்றார்.

பழைய சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துதான். மாசம் 1,900 ரூபாய்க்கு எழுதியிருக்கிறேன். அதே மருந்துகளின் ஜெனரிக் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் எவ்வளவோ குறைந்த விலையில் கிடைக்கும். மெட்ஃபார்மின், அம்லோடிபின் எல்லாம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். இதெல்லாம் தெரிஞ்ச டாக்டர் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், கேட்கவில்லை. இங்கே தப்பு யார் மேல என்று நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. சீட்டை மாற்றி எழுதி அனுப்பினேன்.

அன்று ராத்திரி கிளினிக் மூடும்போது போனில் மெசேஜ். கிரெடிட் கார்டு. மொத்த பாக்கி 1,80,000 சொச்சம். அதுக்குக் கீழே மினிமம் டியூ 9,000. வழக்கம்போல 9,000-ஐக் கட்டிட்டு போனைப் பையில் போட்டேன். கார் கதவைத் திறக்கும்போதுதான் சுரீர்னு பட்டது. ரெண்டு வேளையை ஒரு வேளையா போட்டு ஓட்டிக்குவேன். எட்டு மாசமாக நான் செய்துகொண்டிருந்ததும் அதுதான். ஒரே வித்தியாசம், அவருக்கு வேறு வழி இல்லை. எனக்கு இருந்தது.

இந்த மினிமம் டியூ கணக்கை ஒரு தடவை பேப்பரில் போட்டுப் பாருங்கள். என் கார்டுக்கு மாச வட்டி மூன்றரை சதவீதம். 1,80,000-க்கு வட்டி 6,300. அந்த வட்டிக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, 1,134. ஆக 7,434 ரூபாய் சும்மா போகுது. நான் கட்டின 9,000-இல் கடனில் குறைந்தது 1,566. அதுவும் அந்த மாசம் புதுசாக எதையும் தேய்க்காமல் இருந்தால்தான். இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. பழைய பாக்கியை முழுசாகக் கட்டாத வரைக்கும், புதுசாக வாங்குகிற பொருளுக்கு அந்த ஒன்றரை மாச வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கின நாளிலிருந்தே மீட்டர் ஓடும். மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீஸ் வராது, போன் பண்ணித் திட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். சிம்ப்டம் இருக்காது. சுகர் மாதிரியேதான், உள்ளே அரிக்கிறது தெரியாது.

வீட்டில் சொல்லணும். எனக்கு ஆபரேஷன் தியேட்டரில்கூட அப்படிக் கை நடுங்கினதில்லை.

என் மனைவி கணக்கு டீச்சர். "ஏங்க, எவ்வளவு?" என்றாள். "ஒரு எண்பதாயிரம் இருக்கும்" என்றேன். அவள் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். "தண்ணி அடிக்கிற பேஷன்ட் எவ்வளவு சொன்னாலும் டபுளா போட்டுக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. அப்போ ஒண்ணு அறுபதா?" ஒண்ணு எண்பது என்றேன். அதுக்கப்புறம் அன்னைக்கு ராத்திரி அவள் பேசவில்லை.

மறுநாள் காலையில் அவள் ரெண்டு வளையலையும் ஒரு செயினையும் டேபிளில் வைத்தாள். பேங்கில் அடமானம் வெச்சு கார்டை மூடுங்க, நகைக் கடன் வட்டி வருஷத்துக்கு 9 சதவீதம்தான், உங்க கார்டுக்கு 42 சதவீதம், இது ஒன்பதாம் கிளாஸ் கணக்கு என்றாள். மார்ச்சில் வைத்தோம். மாசம் 7,434 போன இடத்தில் 1,350. நான் அவள் நகையைத் தொடக் கூடாது என்ற வீராப்பில் எட்டு மாசம் வட்டி கட்டியிருக்கிறேன். கௌரவத்துக்குக் கொடுத்த விலை அது.

ஆனால் கடனை இடம் மாற்றினால் வியாதி போகாது. ரத்தம் டெஸ்ட் பண்ணுவதற்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் பத்தியம் இருந்து ஃபாஸ்டிங் சுகரை நார்மலாகக் காட்டுகிற ஆட்கள் உண்டு. எச்பிஏ1சி அதுக்கெல்லாம் மசியாது, மூணு மாச சராசரியைப் போட்டுக் கொடுத்துடும். பணத்துக்கு அந்த டெஸ்ட் மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட். பிரின்ட் எடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கலர் பேனாவோட உட்கார்ந்தோம்.

நான் நினைத்தது கார் இஎம்ஐ, மேல்படிப்புக்கு வாங்கின லோன், இவைதான் என்னைத் தின்கின்றன என்று. அவை பெரியவைதான், ஆனால் தெரிந்த செலவு. சிவப்பு பேனா ஓடினது வேற இடத்தில். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆர்டர் பண்ணின சாப்பாடு, மூணு மாசத்தில் 61 தடவை. வீட்டில் தோசை மாவு இருந்த நாளிலும். ஒரு நாள்கூடப் போகாத ஜிம்முக்கு மாசாமாசம் ஆட்டோ டெபிட் (நோயாளிகளுக்கு எக்சர்சைஸ் சொல்கிறவன் நான்). அப்புறம் பொம்மைகள். ஆறு வயசு மகளுக்கு 14 ஆர்டர். தேதியை என் டூட்டி சார்ட்டோடு ஒத்துப் பார்த்தால், பெரும்பாலும் நைட் டூட்டிக்கு மறுநாள். அவள் தூங்கின பிறகு வந்து, எழுந்திருக்கும் முன் கிளம்பின நாட்கள். அதில் பாதிப் பெட்டி கட்டிலுக்கு அடியில் பிரிக்காமலே கிடந்தது.

ஆக நான் ஆசைப்பட்டுச் செலவு பண்ணவில்லை. களைப்பிலும் குற்ற உணர்ச்சியிலும் பண்ணியிருக்கிறேன். இது தெரியாமல் "செலவைக் குறைக்கணும்"னு பொத்தாம்பொதுவாகத் தீர்மானம் போட்டால் எப்படி நிற்கும்? காய்ச்சல்னு மட்டும் எழுதி மருந்து கொடுக்கிற மாதிரி. டைபாய்டா டெங்குவா பார்க்க வேண்டாமா? உங்க ஸ்டேட்மென்ட்டில் வேற ஏதாவது இருக்கும். சொந்தக்காரங்க முன்னாடி கெத்து காட்டுற மொய்யாக இருக்கலாம், ஆஃபர்னு வாங்கிக் குவிச்ச துணியாக இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

அம்மா ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. சம்பளம் வந்த மறுநாள் போஸ்ட் ஆபீஸ் ஆர்டிக்குப் பணம் வாங்குகிற ஏஜென்ட் அக்கா வீட்டுக்கே வருவார். அம்மா அரிசிக்கடைக்குப் போறதுக்கு முன்னாடி அந்த அக்காவுக்கு 500 ரூபாய். மீதியில்தான் குடித்தனம். 2003-ல் ஆரம்பித்தது அஞ்சு வருஷம் கழித்து, எனக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைத்த 2008-ல், 36 ஆயிரம் சொச்சமாக வந்தது. ஃபீஸ், ஹாஸ்டல், எலும்பு செட், ஸ்டெதஸ்கோப் எல்லாம் அதில்தான். அம்மா எந்த ஆப்பிலும் எழுதவில்லை. மனசு மாறுவதற்கு முன்னாடி பணம் கையை விட்டுப் போயிடும், அதுதான் அவங்க ஏற்பாடு. நானோ மாசக் கடைசியில் மிஞ்சினதைச் சேமிக்கலாம் என்று இருந்தேன். மிஞ்சினால்தானே!

அதனால் ஏப்ரலில் இருந்து ரெண்டே ரெண்டு மாற்றம். 1-ம் தேதி சம்பளம், 2-ம் தேதி தானாகவே பிடித்தம். ஆர்டி ஒன்று, மகள் பேரில் செல்வமகள் ஒன்று (பத்து வயசுக்குள் இருக்கிற பெண் குழந்தைக்கு வருஷம் 250 ரூபாயில்கூட ஆரம்பிக்கலாம்), நகைக் கடனுக்குத் தனியாக. ரெண்டாவது, யுபிஐ-யைச் சம்பளக் கணக்கிலிருந்து கழற்றிவிட்டேன். வேற ஒரு கணக்கில் ஞாயிற்றுக்கிழமை தோறும் 7,000 போடுவேன், ஸ்கேன் பண்றதெல்லாம் அதிலிருந்து. வியாழக்கிழமையே தீர்ந்தால் வெள்ளி, சனி வீட்டுத் தோசைதான். முதல் மாசம் நாலு வாரமும் வியாழனோடு தீர்ந்தது. ஜூலையில்தான் முதல்முறையாக சனிக்கிழமை 340 ரூபாய் மிஞ்சியது. சிரிக்காதீங்க, எனக்கு அது பெரிய விஷயம்.

30 ஆயிரமும் ஆரம்பிக்கவில்லை. முதலில் ஆர்டி 3,000. உடம்பு தாங்குகிற டோஸில் ஆரம்பிச்சு மெதுவாக ஏற்றணும் என்று நோயாளிக்குச் சொல்கிறவன், எனக்கு மட்டும் முதல் நாளே ஃபுல் டோஸ் எழுதியிருந்தேன். இப்போது 12,000.

ஒரு டாக்டராக இதில் நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ராத்திரி ரெண்டு மணிக்கு கேஷ் கவுன்டர் பக்கம் நின்று மச்சானுக்கும் சித்தப்பாவுக்கும் போன் போடுகிறவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் தகுதி. ஆனால் நெஞ்சுவலி வந்த பிறகுதான் வருமானச் சான்றுக்கு விஏஓ ஆபீஸுக்கு ஓடுகிறார்கள். சும்மா இருக்கும்போதே எடுத்து வைங்க. தனியார் பாலிசி எடுக்கிறவர்கள் சுகர், பிரஷரை மறைக்காமல் எழுதுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூணு வருஷம்தான். மறைச்சிட்டு, அட்மிஷன் அன்னைக்கு "பத்து வருஷ சுகரை ஆறு மாசம்னு கேஸ் ஷீட்ல போடுங்க டாக்டர்" என்று கையைப் பிடிக்கிறார்கள். போட மாட்டேன். போட்டால் அது உங்க சிகிச்சையையே தப்பாக்கும். இதனால் எனக்குத் திட்டு விழுகிறது, பரவாயில்லை.

மாசம் 3 வட்டி தர்றோம்னு வருகிற ஸ்கீம்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு பதிவு ஆகும். தூக்கம் வரலைன்னு என்கிட்ட வந்து, கடைசியில் ரிட்டயர்மென்ட் பணம் போன கதையைச் சொல்லி அழுதவர்கள் மூணு பேர். அதில் போடாதீங்க.

வேன் ஓட்டுகிற அந்த அண்ணனைப் போல இருபது தேதியோடு சம்பளம் தீர்கிறவர்களுக்கு இந்தப் பதிவில் எந்த அறிவுரையும் இல்லை. அவர்களுக்குப் பழக்கம் கெடவில்லை, வருமானம் போதவில்லை. அவர்களிடம் போய் டீயைக் குறைச்சு சேமிங்க என்று சொல்ல எனக்கு வாய் வராது. போன மாசம் வந்திருந்தார். எச்பிஏ1சி 7.6. மாத்திரை மாசம் முழுக்க ரெண்டு வேளையும் போடுகிறார்.

என் நிலவரம்: வளையல் ரெண்டும் செப்டம்பரில் மீட்டாச்சு. நடுவில் அக்டோபரில் தீபாவளி போனஸ் வந்த சந்தோஷத்தில் ஒரு டிவி வாங்கி, மறுபடியும் கார்டு தேய்ச்சு, வீட்டில் வாங்கிக் கட்டிக்கிட்டேன். அதை அடுத்த மாசமே முழுசாக அடைச்சேன். செயின் இன்னும் பேங்கில்தான் இருக்கு. 38 ஆயிரம் பாக்கி, மார்ச்சுக்குள் எடுக்கணும். தை மாசம் அவள் தங்கச்சி வீட்டு கிரகப்பிரவேசம் வருது. கவரிங் போட்டுக்கிறேன், நீங்க எதுவும் வாங்கிட்டு வராதீங்க என்று சொல்லிட்டா.