நாலாவது சர்வர்

நாலு வெப் சர்வர்கள். வருகிறவர்களை லோடு பேலன்ஸர் முறை வைத்து நாலுக்கும் அனுப்பும். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் சர்வரில் அப்பாச்சி செட்டிங்கில் ஒரே ஒரு வரி மாற்றி, அதைக் கையாலேயே மற்றதற்கெல்லாம் காப்பி செய்தேன். பஸ் பிடிக்கும் அவசரத்தில் நாலாவது விட்டுப்போச்சு.

திங்கட்கிழமை ஒரே புகார். 'சைட் சில சமயம் வருது, சில சமயம் வரலை.' நான் முதல் சர்வரையே நேராகத் திறந்து பார்க்கிறேன், ஜம்மென்று வருகிறது. 'உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு சார்' என்று நாலைந்து பேரை அனுப்பிவிட்டேன். நாலும் படுத்திருந்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஒன்று மட்டும் படுத்ததால் சாயங்காலம் ஆயிற்று.

நான் தப்பித்தேன். அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் தப்பிக்கவில்லை. எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புது புரோகிராம் போயிருந்தது. 2012 ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும் எட்டாவதில் இருந்த பழசு விழித்துக்கொண்டு இஷ்டத்துக்கு ஆர்டர் போட்டது. 45 நிமிஷத்தில் நஷ்டம் 40 கோடி டாலருக்கு மேல்.

இப்போதெல்லாம் மூலப்பிரதி ஒன்றே ஒன்று. அதிலிருந்து ஆர்சிங்க் எல்லாவற்றுக்கும் அனுப்பும். ஐ.பி. முகவரி மாதிரி அந்தந்த சர்வருக்கே உரிய வரிகள் தனி ஃபைலில். கான்ஃபிக்டெஸ்ட் பார்த்த பிறகுதான் ரீலோடு. கடைசியில் நாலிலும் செக்சம் எடுத்து ஒப்பிடுவேன்.

அன்றைக்கே அந்த நாலைந்து பேருக்கும் போன் செய்து, 'கோளாறு இங்கேதான் சார்' என்றேன்.

'அதைத்தானே சார் காலையிலேர்ந்து சொல்றேன்' என்றார் ஒருவர்.