மேடைக்கும் பாத்திரத்துக்கும் நடுவில்

சமையல் மேடைக்குக் கல் பதித்து முடித்தால், சிங்குக்காகவும் அடுப்புக்காகவும் வெட்டி எடுத்த துண்டுகள் மிஞ்சும். என்ன செய்யட்டும் என்று கேட்டால் பெங்களூரில் முக்கால்வாசி வீட்டுக்காரர்கள், சப்பாத்தி தேய்க்க இருக்கட்டும் என்பார்கள். நான் அதில் ஒரு சிறு பங்கு கேட்டு வாங்கிக்கொள்வேன். எட்டு அங்குலச் சதுரமாக அறுத்து, ஓரங்களை மழுக்கி, கை கிழிக்காத அளவுக்குப் பாலிஷ் போட்டு, அடியில் நாலு மூலையிலும் தடிமனான சிலிக்கான் பொட்டு ஒட்டி, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். குக்கரை இறக்கி வைக்க ஓர் இடம். இதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை. பாத்திரம் இறங்கும் இடத்தை முடிவு செய்யாமல் மேடை வேலை முடிந்தது என்று சொல்ல எனக்கு மனம் வராது.

"கல்லுக்கு என்னப்பா சூடு? எங்க காலத்துல அடுப்பே கல்லுதானே" என்று பசவனகுடியில் ஒரு பாட்டி கேட்டார். நியாயமான கேள்வி. "அடுப்புக் கல்லுல சூடு மெதுவா, நாலு பக்கமும் ஏறும் பாட்டி. மேடைக் கல்லுல ஒரு தட்டு அகலத்துக்கு மட்டும் திடீர்னு ஏறும். சுத்தி இருக்கற கல்லு ஜில்லுனு அசையாம நிக்கும். அங்கதான் பிரச்சினை" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. ஆனால் இந்த ஊர்ப் பாறையைப் பிளந்தவர்கள் நம்பியிருப்பார்கள். வெடிமருந்து பரவலாவதற்கு முன்னால் பெங்களூர்ப் பக்கம் கருங்கல்லைப் பலகை பலகையாகப் பெயர்த்தது நெருப்புதான். பாறையின் மேல் விறகை வரிசையாக அடுக்கிக் கொளுத்துவார்கள். மேல்தோல் சூடேறி விரியும், அடியில் இருக்கும் பாறை விரியாது, இரண்டுக்கும் இடையில் விரிசல் ஓடும். ஒருவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே வருவார். ஓசை மாறினால் அந்த இடம் விட்டுவிட்டது என்று பொருள், நெருப்பை அடுத்த இடத்துக்குத் தள்ளுவார்கள். எச். வார்த் என்பவர் இதை 1895-ல் 'நேச்சர்' இதழில் எழுதியிருக்கிறார். பழைய வீடுகளின் கூரையிலும் வேலியிலும் இன்றும் நிற்கிற சப்படி என்ற பலகைக் கல்லில் இப்படிப் பிரிந்தவை இருக்கும். கல்லைக் கல்லிலிருந்து பிரிக்க, ஏற்றத்தாழ்வான சூடு போதும்.

சமையலறையில் அவ்வளவு நெருப்பு இல்லை என்பது உண்மை. முழுப்பலகையாக, அடியில் நல்ல தாங்கலோடு கிடக்கும் கருங்கல்லில் சூடான குக்கரை வைத்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆபத்து இருக்கும் இடம் வேறு. பெங்களூர் வீடுகளில் மேடைக் கல் பதினாறு முதல் பதினெட்டு மில்லிமீட்டர் கனம். அதில் அடுப்புக்கு ஒரு பெரிய ஓட்டை, சிங்குக்கு ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்கு முன்னால் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒரு பட்டை மட்டும் மிஞ்சி நிற்கும். அந்தப் பட்டைதான் மேடையிலேயே பலவீனமான இடம். ஓட்டையின் உள்மூலையைச் செங்குத்தாக வெட்டியிருந்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால்தான் நாங்கள் மூலையை வளைத்து வெட்டுகிறோம், பட்டையின் அடியில் காடி இழுத்து எவர்சில்வர் கம்பியை எபாக்ஸி போட்டுப் பதிக்கிறோம். இவ்வளவும் செய்த பிறகும் வீட்டுக்காரம்மா அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தைக் கைக்குக் கிட்டே இருக்கிறது என்று அந்தப் பட்டையிலேயே வைப்பார். தப்பு அவருடையது இல்லை. வேறு எங்கே வைப்பது என்று நாம் காட்டவில்லை.

இப்போது ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு பக்கம் கட்டும் அடுக்ககங்களில் கருங்கல் குறைந்துவிட்டது. எல்லாரும் குவார்ட்ஸ் கேட்கிறார்கள். வெள்ளை வெளேர் என்று, கறை ஏறாமல், பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மலையிலிருந்து அறுத்த கல் இல்லை. ஏறத்தாழ 90 சதவீதம் குவார்ட்ஸ் பொடி, மிச்சம் பாலியஸ்டர் பிசின். பொடிக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை, பிசினுக்கு அப்படியில்லை. 150 டிகிரியைத் தாண்டினால் பிசின் பழுக்கத் தொடங்கும். முதலில் மங்கலான ஒரு வளையம், அப்புறம் மஞ்சள், அப்புறம் பழுப்பு. கருங்கல்லில் எண்ணெய்க் கறை இறங்கினால் மாவுப் பற்று போட்டு இழுக்கலாம். பிசின் கருகிவிட்டால் அந்த வெள்ளைக்குத் திரும்ப வழி இல்லை. கடையில் மாதிரித் துண்டு காட்டும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும்.

குவார்ட்ஸ் என்று பேச்சு வந்தால் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அதை அறுக்கும்போது பறக்கும் சிலிக்காத் தூசி கருங்கல் தூசியைவிடப் பல மடங்கு கொடியது. நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. ஜிகணியிலோ ஹோசூரிலோ கல் அறுக்கும் பையன்களுக்குத் தண்ணீர் விட்டு அறுக்கும் மிஷினும் சரியான முகமூடியும் கிடைக்க வேண்டும். உங்கள் வீட்டு மாடியில் ஒருவர் வெறும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு குவார்ட்ஸை உலர அறுத்தால், வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

சரி, பாத்திரத்துக்கு வருவோம். மேடைக்கு எது எதிரி என்று கேட்டால் எல்லாரும் குக்கரைத்தான் காட்டுவார்கள், விசில் அடித்துப் பயமுறுத்துவதால். ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கும்வரை எந்தப் பாத்திரமும் ஒரு அளவுக்கு மேல் சூடாகாது. பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருப்பதால் இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கருக்குள் அழுத்தம் ஏறினாலும் 120-ஐ ஒட்டித்தான் நிற்கும். கடாயில் பூரி பொரியும் எண்ணெய் 180, 190. தோசை வார்த்து முடித்த வெறும் இரும்புக் கல் 200-ஐத் தாண்டி எங்கேயோ இருக்கும். அது சத்தமே போடாது.

இவை எல்லாவற்றையும்விட நான் அதிகம் பார்த்தது தாளிப்புக் கரண்டியின் தழும்பு. சரிசெய்து தரச் சொல்லிக் கூப்பிடும் வீடுகளில் குவார்ட்ஸ் மேல் இருக்கும் வடு பெரும்பாலும் குக்கர் அளவில் இருக்காது. உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன வட்டமாக, அடுப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும். கடுகு வெடித்து, பெருங்காயம் போட்டு, சாம்பாரில் கொட்டி, கரண்டியை எங்கே வைத்தோம் என்றே நினைவில்லாமல் வைத்த இடம். பெரிய பாத்திரத்தை இறக்கும்போது மனசு விழிப்பாக இருக்கிறது. சின்னதுக்கு அது இருப்பதில்லை. கடையில் விற்கும் மூன்று கால் வளையத்தில் இந்தக் கரண்டி நிற்காது, நடுவில் விழுந்துவிடும். அதற்கு நெருக்கமான கம்பிவலை வேண்டும், அல்லது முழுப்பரப்பாக ஒரு கல்லோ பலகையோ வேண்டும். நான் தரும் கருங்கல் துண்டு முழுப்பரப்பாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தத் துண்டு விரிசல் விடாதா என்று கேட்பார்கள். சின்னத் துண்டு நாலு பக்கமும் சேர்ந்து விரியும், அதைப் பிடித்துவைக்கச் சுற்றிலும் ஜில்லென்ற கல் கிடையாது. அதனால் தாங்கும்.

கடையில் வாங்குவதானால் எதைப் பார்ப்பது? எதனால் செய்தது என்பது இரண்டாவது கேள்வி. அது கல்லை எவ்வளவு தொடுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அசையாத காற்றைவிடக் கருங்கல் நூறு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆக, பாத்திரத்துக்கும் மேடைக்கும் நடுவில் நமக்கு வேண்டியது காற்று. மற்றதெல்லாம் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு. நம் வீடுகளில் வைக்கோல் பிரியைச் சுற்றிச் செய்த பிரிமணை இதைத்தான் செய்தது. ஒவ்வொரு வைக்கோல் தாளும் உள்ளே வெறுங்குழல். கன்னடத்தில் சிம்பி என்பார்கள், துணியிலும் வைக்கோலிலும் செய்வார்கள். உருண்டை அடி கொண்ட மண்பானையும் ஆடாமல் நிற்கும், சூடும் கீழே போகாது. தேங்காய் நாரில் முறுக்கிய வளையம் மல்லேஸ்வரத்திலோ காந்தி பஜாரிலோ கண்ணில் பட்டால் யோசிக்காமல் வாங்குங்கள். குறை ஒன்றுதான், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் வெயில் கண்ட நேரம் வெளியே வைக்க வேண்டும்.

சிலிக்கான் பாய் 200 டிகிரிவரை உருகாது. அது உருகாதது வேறு, மேடையைக் காப்பது வேறு. மெல்லிய தட்டைப் பாயாக இருந்தால் தனக்கு ஒன்றும் ஆகாமலே சூட்டைக் கீழே இறக்கிவிடும். தேன்கூடு போல் குழிகளோடு தடிமனாக இருப்பதை எடுங்கள். இரும்பில் வார்த்த பூவேலை ஸ்டாண்ட் அழகு, ஆனால் கால் உயரமாக இருக்க வேண்டும், காலில் உறை வேண்டும். உறை இல்லாத இரும்புக் கால் ஈரத்தில் துரு வளையம் வைக்கும், எவர்சில்வர் கம்பி வெள்ளைக் கல்லில் சாம்பல் கோடு இழுக்கும். மரப்பலகை என்றால் வார்னிஷ் அடிக்காத வெறும் மரம். கார்க் நன்றாகத் தாங்கும், கொஞ்ச நாளில் உதிரும், உதிர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

கையால் பின்னிய வட்டப் பாய்களில் ஒரு கவனம் தேவை. பருத்தி நூல் என்று சொல்லி அக்ரிலிக் உல்லனில் பின்னித் தருகிறார்கள். தோசைக்கல்லை அதன்மேல் வைத்தால் உருகி அடியில் அப்பிக்கொள்ளும். வாங்கியதும் ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பலாகும். கலப்படம் என்றால் சுருங்கி, நுனியில் கெட்டியான மணி கட்டும். ஈரத்துணியை மடித்து வைப்பதைப் பற்றி ஒரே சொல்: வேண்டாம். தண்ணீர் சூட்டைக் கடத்தும், ஆவி கையைச் சுடும்.

சென்னபட்டணம் மர வேலையை நேசிக்கிற ஒருவனாக இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. மைசூர் சாலையில் 60 கிலோமீட்டரில் இருக்கும் அந்த ஊரில் ஆலே என்ற மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையால் தேய்த்தால் முகம் தெரியும் பளபளப்பு வரும். உராய்வுச் சூட்டில் இளகிய பூச்சு சாம்பார்ப் பாத்திரத்தின் சூட்டிலும் இளகும். அந்தச் சிவப்பு, மஞ்சள் வட்டங்கள் காப்பித் தம்ளர் வைக்க, தண்ணீர்ச் சொம்பு வைக்க. அடுப்பிலிருந்து நேராக இறக்குவதை அவற்றின்மேல் வைத்து அந்தக் கைவேலையைக் கெடுக்காதீர்கள்.

கல்சட்டி வைத்திருப்பவர்களுக்கு மேடையைவிடச் சட்டியைப் பற்றித்தான் கவலை வேண்டும். அடுப்பை அணைத்த பிறகும் வத்தக்குழம்பு அதில் தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். டிசம்பர் காலையில் பெங்களூர் மேடைக் கல் தொட்டால் சிலிர்க்கும். அதன்மேல் நேராக வைத்தால் உடையப்போவது சட்டி. அதற்கு மரப்பலகை அல்லது பிரிமணை மட்டும்தான், கம்பியும் கல்லும் ஆகாது.

ராகி முத்தே கிண்டும் வீடுகளில் வேறு கணக்கு. பாத்திரத்தை இறக்கி வைத்து, கோலால் இரண்டு கையும் சேர்த்து அழுத்திக் கிண்டுவார்கள். கிராமத்தில் பாத்திரம் நழுவாமல் கவைக்கோலால் அண்டைகொடுத்துக் காலால் மிதித்துப் பிடிப்பதைப் பார்க்கலாம். நின்றுகொண்டு மேடையிலேயே கிண்டுகிறவர்களுக்கு வழுக்கும் ஸ்டாண்ட் எவ்வளவு சூடு தாங்கினாலும் பயனில்லை. தடிமனான சிலிக்கானோ அகலமான நார் வளையமோதான் பிடித்து நிற்கும். அளவெடுக்கப் போகும்போதே வீட்டில் முத்தே உண்டா, தோசை எத்தனை நாள், குக்கர் எத்தனை லிட்டர் என்று நான் கேட்பதுண்டு. கல் போட வந்தவன் சமையலை விசாரிக்கிறானே என்று சிலர் விழிப்பார்கள். பதில் தெரிந்தால்தான் அடுப்பு ஓட்டையை எந்தப் பக்கம் நகர்த்தி எந்தப் பக்கம் முழுக்கல் விடுவது என்று தெரியும். அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவில் ஒன்றரை அடியாவது முழுக்கல் வேண்டும், அதுவும் சமைக்கிறவரின் பழக்கமான கைப்பக்கம்.

நீங்கள் வாங்கியது சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. குக்கரை இறக்கி அதன்மேல் வையுங்கள், பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு குக்கரையும் ஸ்டாண்டையும் எடுத்துவிட்டு மேடையைத் தொடுங்கள். முதலில் விரல் நுனி, பிறகு உள்ளங்கை. வெதுவெதுப்பாக, கையை எடுக்கத் தோன்றாமல் இருந்தால் அதுவே போதும், எத்தனை ரூபாய் என்பது முக்கியமில்லை. கை தானாக விலகினால் இன்னும் உயரமான கால் வேண்டும், அல்லது இரண்டை அடுக்க வேண்டும். தேறியதை டிராயரில் போடாமல் அடுப்பருகே ஆணியில் மாட்டுங்கள், தாளிப்புக் கரண்டிக்கென்று சின்னதாக இன்னொன்றையும்.