நயினாதீவு: அன்னையின் கோயிலும் புத்தரின் விகாரையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலம் கடந்து, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறையை அடைந்தால் நிலம் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து படகில் ஏறிய சற்று நேரத்திலேயே நயினாதீவின் இரு கோயில்களும் கண்ணுக்குத் தெரியும். ஒருபுறம் நாகபூஷணி அம்மனின் இராஜகோபுரம். சற்றுத் தள்ளி நாகவிகாரையின் தாதுகோபம். இரண்டுக்கும் தனித்தனிப் படகுத்துறைகள் உண்டு. ஆயினும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முதியோரும் நடந்தே செல்லலாம்.

தேவியின் சிலம்பு விழுந்த சக்தி பீடமாக இத்தலம் போற்றப்படுகிறது. நாள்தோறும் கடலில் நீந்தி வந்து அம்பிகைக்கு மலர் சாத்திய நாகத்தை ஒருநாள் கருடன் வழிமறித்தது. அவ்வழியே மரக்கலத்தில் வந்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் மாணாய்கன் தன் பொருளையெல்லாம் அன்னைக்கு ஈந்து நாகத்தின் உயிரைக் காத்தான் என்பது தலவரலாறு. பாம்பு சுற்றிய கல், கருடன் கல் என இரு பாறைகளைக் கடலில் இன்றும் காட்டுகின்றனர்.

விகாரையின் கதையும் நாகர்களைப் பற்றியதே. மணியாசனம் ஒன்றுக்காகப் போருக்கெழுந்த மகோதரன், சூளோதரன் என்னும் இரு நாக அரசர்களைப் புத்தர் இங்கு வந்து சமாதானப்படுத்தினார் என மகாவம்சம் கூறுகிறது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் இதுவே என்போரும் உளர். அம்மன் கோயிலில் அடியார்க்கு அன்னமிடும் சபைக்கும் அமுதசுரபி என்றே பெயர். பசித்து வருவோரிடம் அங்கே மதம் கேட்பதில்லை.

பௌர்ணமி நாள்களில் விகாரைக்கு வரும் சிங்கள யாத்திரிகர் பலர் அம்மனையும் தொழுதே திரும்புகின்றனர். நம்மவர் விகாரைக்குள் நுழையத் தயங்க வேண்டியதில்லை. செருப்பையும் தொப்பியையும் கழற்றிவிட்டு, சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுக்காமல் இருந்தால் போதும்.

இந்த இணக்கம் எளிதில் வந்ததன்று. பழைய அம்மன் கோயிலைப் போர்த்துகீசியர் 1620-இல் இடித்தனர். 1788-இல் அது மீண்டும் எழுந்தது. 1958 இனக்கலவரத்தில் விகாரை தாக்கப்பட்டது. 1986-இல் அம்மன் கோயில் தீக்கிரையாயிற்று. தீவின் பெயர் நயினாதீவா, நாகதீபமா என்ற வழக்கும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இவற்றை அறிந்து நிற்பவருக்கு, இரு சந்நிதிகளிலும் ஒரே நாளில் விளக்கேற்றும் மூதாட்டியரைக் காண்பது சிறிய காட்சியாகத் தோன்றாது.

திருப்பூர்ப் பக்கத்து அன்பர்கள் தவறவிடக் கூடாத ஒன்று அம்மன் கோயிலில் உள்ள பராக்கிரமபாகு மன்னனின் தமிழ்க் கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டினது. ஊர்காவற்றுறைக்கு வரும் அயல்நாட்டு மரக்கலம் உடைந்தால் சரக்கு யாருக்கு என்று அது விதி செய்கிறது. யானை, குதிரை கொண்டுவந்த கலமாயின் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வாணிபப் பண்டம் ஏற்றிய கலமாயின் சரிபாதி. தூத்துக்குடியில் பனியன் பெட்டிகளை ஏற்றிவிட்டு, அவை அக்கரை சேரும்வரை உறக்கம் கொள்ளாத குடும்பங்களுக்கு அம்மன்னனின் கணக்கு நன்றாகவே விளங்கும். மாணாய்கனின் கதையும் அவர்களுக்கு வேறுவிதமாகக் கேட்கும்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணியர் கப்பல் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் அக்கரை சேர்க்கிறது. கடவுச்சீட்டும் விசாவும் வேண்டும். மழைக்காலத்தில் கப்பல் நின்றுவிடுவதுண்டு; விசாரித்த பின்னரே புறப்படுவது நலம். ஆனிப் பெருவிழாவில் படகுத்துறையில் நெருக்கடி மிகுதி. முழங்கால் வலியுள்ளோர் வேறு மாதங்களில் செல்லலாம்.

திரும்பும் வழியில் வேலணையில் சாட்டிக் கடற்கரை உள்ளது. ஆழமில்லாத, அலையடங்கிய கடல். பேரப்பிள்ளைகள் நீரில் இறங்க, பெரியோர் மணலில் அமர்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். காலையிலேயே தீவுக்குச் சென்று நண்பகல் அன்னதானம் முடித்துப் படகேறினால், வெயில் தாழும் நேரத்தில் இங்கே வந்து சேரலாம்.